பச்சை இரும்பு

மேலே பச்சை.
அதற்கடியில் ஒரு நீலம். அதற்கும் அடியில்
யாரோ அவசரத்தில் அடித்த ரெட் ஆக்சைடு.
மூன்றையும் உரிக்க
இரண்டு டப்பா ரிமூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போயின.
பூசைக்குப் போகவில்லை. கையுறை கிழிந்து
இடது மணிக்கட்டு எரிந்தது.

நாலரை மணிக்கு ஃபிரேம் வெளியே வந்தது,
மழைக்கு முந்தைய கடலின் சாம்பல்.
மூட்டுகளில் மட்டும் பித்தளை ஊற்றிய மஞ்சள் கோடு.
திங்கள்நகர் ஆக்கர் கடையில்
ஆயிரத்து இருநூறு கொடுத்தபோது
உள்ளே இப்படி ஒன்று இருப்பது விற்றவனுக்கும் தெரியாது.
இனி பெயிண்ட் கிடையாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

தக்கலை ஹார்டுவேர் கடை ரசாலம் சிரித்தார்.
"கடியபட்டணத்திலயா? வெறும் இரும்பா?
பிள்ளே, அங்க கதவுக் கொண்டியே ஆறு மாசம் தாங்காது.
பிரைமர் அடி, மேல கலர் அடி, சோலி தீர்ந்து."
கிளியர் லாக்கர் கேட்டேன்.
"அடிக்கலாம். ஒரு கல்லு தெறிச்சாப் போதும்,
அடியில புழு மாதிரி ஊர்ந்து போவும் துரு.
மேல பளபளன்னுதான் இருக்கும், கேட்டியா."
அப்படிச் சில குடும்பங்களை எனக்குத் தெரியும்
என்று சொல்ல வந்து, சில்லறையை எண்ணினேன்.

எதிர்வீட்டுப் பனியடிமை
வள்ளத்துக்குப் பூசியதில் மிஞ்சிய சாளை எண்ணெய்
அரை பாட்டில் தந்தார். பூசினேன்.
விடிவதற்குள் தெருவின் ஏழு பூனைகளும்
ஃபிரேமைச் சுற்றி ஜெபக்கூட்டம் போட்டிருந்தன.
ஒன்று பின்குழாயை நக்கிக்கொண்டிருந்தது,
கண்ணை மூடி.

சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து,
மதிலோரம் சாய்த்து வைத்தேன்.
அந்த ஓர் இரவுதான்
மேலே எதுவும் இல்லாமல் நின்றது அது.
ஆனி மாதம். கச்சான் காற்று.
முட்டம் லைட்ஹவுஸின் வெளிச்சம்
வந்து தடவிவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கும்.

காலையில் மேல்குழாயில்
ஆரஞ்சு நிறத்தில் விரல்கள்.

என்னுடையவை என்றுதான் நினைத்தேன்.
வியர்வையும் உப்புதானே, தொட்ட இடம் துருவாகும்.
கைவைத்துப் பார்த்தேன். பெரிது.
நான்கு விரல். மூன்றில் ரேகைகூடத் தெரிந்தது.
மோதிர விரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஹார்பர் வின்ச்சுக்குள் பாதி விரலை விட்டு வந்தவன்
இந்தத் தெருவில் ஒருவன்தான்.
மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.
ஆன்சலம். வெல்டர். என் அண்ணன்.
முக்கால் சென்ட் மண்ணுக்காகப்
பதினாறு மாதமாய் என்னோடு பேசாதவன்.

கேட் பூட்டித்தான் இருந்தது.
மதிலேறி வந்திருக்கிறான்.
பித்தளை மூட்டை டார்ச் அடித்துப் பார்த்திருப்பான்,
யார் வேலை இது என்று உதட்டைப் பிதுக்கியிருப்பான்,
ஒரு கையால் தூக்கி எடை பார்த்து
சத்தமில்லாமல் திரும்ப வைத்திருப்பான்.

மார்த்தாண்டத்தில் தேன்மெழுகு வாங்கினேன்.
டர்பன்டைனில் கரைத்து, ஃபிரேமை வெயிலில் சுடவைத்து,
பழைய பனியன் துணியால் தேய்த்தேன்,
மெலிதாக, இரண்டு தரம்.
குழாய்களுக்குள் எண்ணெய் ஊற்றிக் கவிழ்த்தேன்,
துரு உள்ளிருந்தும் வரும்.
துருவை எடுக்காமல் மேலே எதையும் பூசாதே
என்று ரசாலம் சொல்லியிருந்தார்.
எடுத்தேன். ஸ்டீல் நார் கொண்டு, மூலைமுடுக்கெல்லாம்.
அந்த ஒரு சாணை மட்டும் விட்டுவிட்டு
அதன் மேலேயே மெழுகைப் பூசினேன்.

மெழுகு நிற்காது.
மாதம் ஒருமுறை பூச வேண்டும்,
கச்சான் அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை.
பரவாயில்லை.

இப்போதும் மதிலோரம்தான் நிறுத்துகிறேன்.
போன வாரம் பின்சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது.
நேற்று அழுத்திப் பார்த்தேன், கல்லு மாதிரி இருந்தது.

என்னிடம் பம்ப் கிடையாது.